ஆலையில் செய்து பொருத்தும் மரவீடு: காப்பின் தடிமனைக் கேட்பதற்கு முன்

சுமார் 120 சதுர மீட்டர் பரப்பில், சுவர், தளம், கூரை எல்லாவற்றையும் ஆலையில் தயாரித்து மனையில் கொண்டுவந்து பொருத்தும் மரவீடு ஒன்றைத் திட்டமிடுகிறவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். மரச்சட்டங்களை நிறுத்தி இடையே காப்பை நிரப்பும் சட்டகச் சுவரா, மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய, சிஎல்டி எனப்படும் கெட்டியான பலகையா என்பது முதலாவது. சுவரில் எத்தனை சென்டிமீட்டர் வெப்பக்காப்பு வைத்தால் ஆற்றல் செலவு கணிசமாகக் குறையும் என்பது இரண்டாவது. மரவீடு உண்மையிலேயே சூழலுக்கு இசைவானதா, அல்லது அது விற்பனைப் பேச்சா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை இருக்கிறது. ஆனால் அவர் கேட்காத நான்காவது கேள்வி ஒன்றைத் தீர்க்காமல் அந்த விடைகளைப் பயன்படுத்த முடியாது. சுவருக்குள் நுழைந்துவிட்ட ஈரம் எந்த வழியாக வெளியேறும் என்பதே அந்தக் கேள்வி.

காப்பு என்று எதுவுமே இல்லாத பழைய மரவீடுகள் பல நூறாண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. முதிர்ந்த மரத்தின் தரம் அதற்கு ஒரு காரணம். உள்ளே மூட்டிய வெப்பமெல்லாம் சுவர் வழியே வீணாகக் கசிந்துகொண்டிருந்தது இன்னொரு காரணம். அந்த வீண் வெப்பம்தான் மழையில் நனைந்த பலகையைச் சில நாட்களில் உலர்த்திவிட்டது. நாம் காப்பைக் கூட்டும்போது அந்தக் கசிவை நிறுத்துகிறோம். குளிர்காலத்தில் சுவரின் வெளிப்பகுதி ஏறக்குறைய வெளிக்காற்றின் குளிருக்கே இறங்கிவிடுகிறது. தப்பித்தவறி உள்ளே போன ஈரம் உலர வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகிறது. ஆற்றல் சிக்கனமும் மரத்தின் ஆயுளும் தாமாகவே கைகோத்து வருபவை அல்ல. வடிவமைப்பவர்தான் அவற்றை இணைத்துவைக்க வேண்டும்.

மரத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள கணக்கு எளிமையானது. வசிக்கும் வீட்டுக்குள் இருக்கும் மரம் தன் உலர் எடையில் 8 முதல் 12 சதவீதம் வரை ஈரத்தை வைத்திருக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதத்தில் மரத்தின் செல் சுவர்கள் முழுமையாக நிறைந்துவிடுகின்றன. அந்த நிலை நீடித்தால் அழுகல் உறுதி. இதே ஈரம்தான் மரத்தின் அளவையும் மாற்றுகிறது. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது வளையங்களின் போக்கில் 8 சதவீதம் வரையிலும், ஆரத்தின் போக்கில் ஏறத்தாழ அதில் பாதியும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் 0.1 முதல் 0.3 சதவீதம் மட்டுமே. எனவே சுவரின் உயரத்தைக் குறைப்பது நிற்கும் சட்டங்கள் அல்ல, படுக்கையாகக் கிடக்கும் அடிச்சட்டம், மேற்சட்டம், தளத்தின் விட்டங்கள் ஆகியவையே. சூளையில் உலர்த்திய மரத்தைக் கேட்பதும், ஆலையிலிருந்து கிளம்பும் நாளில் ஈரமானியால் அளந்த குறிப்பைக் கேட்டு வாங்குவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து பெரிய பாடம். அங்கே 1990-களின் நடுப்பகுதியிலிருந்து சுமார் பத்தாண்டுகள், பதப்படுத்தாத ரேடியாட்டா பைன் சட்டகங்களின் மேல், இடைவெளி எதுவும் விடாமல் நேரடியாகப் பூச்சுப் பலகைகளை ஒட்டி, இறவாரம் இல்லாத தட்டையான தோற்றத்தில் ஏராளமான வீடுகள் எழுந்தன. பூச்சின் விரிசல் வழியே நுழைந்த மழைநீருக்கு வெளியேற வழியில்லை. பல்லாயிரம் வீடுகளின் சட்டகம் உள்ளுக்குள்ளேயே அழுகியது. அதன் பிறகுதான் வெளியுறைக்குப் பின்னால் இடைவெளியும் பதப்படுத்திய மரமும் விதிகளில் இடம்பெற்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 1980-களிலும் 90-களிலும் இதே துன்பத்தைப் பட்டது. இரண்டு இடங்களிலும் குற்றவாளி மரம் அல்ல. நீர் ஒருபோதும் உள்ளே வராது என்று நம்பிய வரைபடம்.

ஆகவே சுவரை வெளியிலிருந்து உள்நோக்கி இப்படிச் சிந்தியுங்கள். வெளியுறைப் பலகை மழையின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. அதற்குப் பின்னால், மேலும் கீழும் திறந்த, 20 மில்லிமீட்டருக்குக் குறையாத காற்றிடைவெளி. உறையைத் தாண்டிய நீர் அதில் வழிந்து இறங்கும், மிச்சத்தைக் காற்று உலர்த்தும். அடுத்து நீரைத் தடுத்து நீராவியை விடும் மென்படலம். பிறகு காப்பு நிரப்பிய சட்டகம். உட்புறத்தில் காற்றுப் புகாத அடுக்கு. அதற்கும் உள்ளே வயரிங்கும் குழாய்களும் ஓட 4 அல்லது 5 சென்டிமீட்டர் தனி இடைவெளி. சுவிட்ச் பெட்டிக்காக யாரும் காற்றிறுக்க அடுக்கைத் துளைக்கக் கூடாது என்பதற்காகவே இந்த இடம். கடைசியாக ஜிப்சம் பலகையோ மரப்பலகையோ. இறவாரத்தை 60 சென்டிமீட்டராவது நீட்டுங்கள். தரைமட்டத்திலிருந்து மரம் தொடங்கும் இடத்துக்கு 30 சென்டிமீட்டர் உயரம் விடுங்கள், தெறிக்கும் மழைநீர் அதற்குக் கீழேயே நின்றுவிடும். இவை இரண்டும் எந்த வேதிப்பூச்சையும் விட மரத்துக்கு நல்லது செய்பவை, செலவும் குறைவு.

சுவர் கெடுவது பெரும்பாலும் சமதளத்தில் அல்ல, ஜன்னலின் கீழ்மூலையில். அந்த ஒரு இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. ஜன்னல் சட்டத்தின் மூலை இணைப்பு என்றாவது ஒரு நாள் கசியும் என்று வைத்துக்கொண்டே வரைய வேண்டும். ஜன்னல் உட்காரும் கீழ்ச்சட்டத்தின் மேற்பரப்பு வெளிப்புறமாக 5 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும். அதன் மேல் நீர்த்தடுப்புப் படலம் விரித்து, இரு பக்கங்களிலும் 15 சென்டிமீட்டர் மேலேற்றி மடிக்க வேண்டும். மூலையில் படலத்தை வெட்டாமல் இழுத்துப் படியவைக்கும் நெகிழ்வான பட்டை வேண்டும். உட்பக்கத்தில் நீர் திரும்பாதபடி சிறு வரம்பு இருக்க வேண்டும். பக்கங்களிலும் மேலேயும் ஜன்னலைச் சுற்றி ஒட்டுப்பட்டை போடலாம். வெளிப்புறக் கீழ் விளிம்பை மட்டும் அடைக்கக் கூடாது, ஏனெனில் உள்ளே வந்த நீர் வெளியேற இருப்பது அந்த ஒரே வாசல்தான். அக்கறை மிகுந்த தொழிலாளி ஒருவர் நான்கு பக்கமும் சிலிகானால் அழகாக அடைத்துவிட்டுப் போவது நான் அதிகம் கண்ட தவறு. ஆலையில் ஜன்னலைப் பொருத்தி அனுப்புவதன் உண்மையான ஆதாயமும் இங்கேதான் இருக்கிறது: இந்த வேலையை மேசை உயரத்தில், உலர்ந்த இடத்தில், ஒரே ஆள் ஒரே முறையில் திரும்பத் திரும்பச் செய்கிறார்.

நீராவி பற்றிய பகுதியில் தட்பவெப்பம் முழு வேறுபாட்டையும் உண்டாக்குகிறது. குளிர்ப் பகுதியில் 20 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 9 டிகிரி. அந்தக் காற்று விரிசல் வழியே சுவருக்குள் புகுந்து அதைவிடக் குளிர்ந்த பலகையைத் தொட்டால் அங்கேயே நீராகிவிடும். அதனால் அங்கே நீராவித் தடுப்பு உட்புறத்தில் இருக்க வேண்டும். வெளியே போகப் போக அடுக்குகள் நீராவியை எளிதாக விட வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில் ஓட்டம் தலைகீழாகிறது. வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை 27 டிகிரி. உள்ளே ஏசி 24 டிகிரியில் ஓடுகிறது. குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்து உட்புறத்தில் பாலித்தீன் தாளை விரித்தால், வெளியிலிருந்து வரும் நீராவி அந்தக் குளிர்ந்த தாளின் பின்புறத்தில் வியர்த்து, சட்டகத்தை நனைக்கும். இத்தகைய இடங்களில் தடுப்பு வெளிப்பக்கம் வர வேண்டும், உட்புறம் உலரும்படி திறந்திருக்க வேண்டும். இரண்டு பருவங்களும் கடுமையாக உள்ள இடத்தில், ஈரப்பதத்துக்கேற்பத் தன் தடுப்புத்திறனை மாற்றிக்கொள்ளும் படலங்கள் இருக்கின்றன, அவற்றுக்குச் செலவிடலாம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆயத்த வீட்டைப் பட்டியலில் பார்த்து வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சுவர் எந்தத் தட்பவெப்பத்துக்காக வரையப்பட்டது என்பதைத்தான்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 140 மில்லிமீட்டர் ஆழமுள்ள சட்டகத்தில் ராக்வுல் என்ற கல்நார்ப் பஞ்சு போன்ற பாறைக் கம்பளியையோ, காகிதத் துகளான செல்லுலோஸையோ நிரப்பினால், காப்பு உள்ள பகுதியின் யு மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்குக் கசியும் வெப்பம், சுமார் 0.25 வாட். விளம்பரத் தாளில் பெரும்பாலும் இந்த எண்தான் இருக்கும். ஆனால் சுவரின் பரப்பில் 15 சதவீதமாவது மரச்சட்டங்கள். மென்மரத்தின் வெப்பக்கடத்தல் எண் 0.13, காப்பினுடையது 0.037 அளவில், சட்டம் உள்ள இடத்தில் யு மதிப்பு 0.74 ஆகிவிடுகிறது. இரண்டையும் பரப்பின் விகிதத்தில் கூட்டினால் சுவரின் உண்மையான மதிப்பு 0.32. சட்டகத்தை ஆழப்படுத்துவதை விட, அதன் வெளிப்புறத்தில் 60 மில்லிமீட்டர் மரநார்ப் பலகையைத் தொடர்ச்சியாகப் போர்த்துவது நல்ல வழி. அப்போது சுவரின் மதிப்பு 0.21 அளவுக்கு இறங்குகிறது. சட்டங்களும் வெதுவெதுப்பான பக்கத்துக்கு வந்துவிடுகின்றன, அதாவது குளிர்காலத்தில் அவற்றின் மேல் நீர் படியும் வாய்ப்பு குறைகிறது. ஆற்றலுக்கும் ஆயுளுக்கும் ஒரே செலவில் பயன் தரும் அரிதான இடம் இது.

அதற்கு மேலும் சுவரைத் தடிமனாக்கலாமா என்றால், முதலில் மற்ற வழிகளைப் பாருங்கள் என்பேன். 10 மீட்டருக்கு 12 மீட்டர் என்று ஒரே தளமாகப் பரப்பினால், 3 மீட்டர் உயரத்துக்குச் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 372 சதுர மீட்டர் வெளிப்பரப்பு வருகிறது. அதே 120 சதுர மீட்டரை 7.5-க்கு 8 மீட்டர் என்று இரண்டு தளமாக அடுக்கினால் வெளிப்பரப்பு 306. ஒரு பொருளும் கூடுதலாக வாங்காமல் 18 சதவீதக் கசிவு போய்விட்டது. அடித்தளமும் கூரையும் பாதியாயின. அந்த இரண்டு தள வீட்டின் 186 சதுர மீட்டர் சுவரில் 26 சதுர மீட்டர் ஜன்னல் என்று கொள்வோம். சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் யு மதிப்பு 1.4 அளவில் இருக்கும். அந்த 26 சதுர மீட்டர் மட்டும் ஒரு டிகிரிக்கு 36 வாட்டைக் கசியவிடுகிறது. 0.2 மதிப்புள்ள மீதி 160 சதுர மீட்டர் சுவர் மொத்தமாகக் கசியவிடுவது 32 வாட். சுவரை 0.15-க்குக் கொண்டுபோனால் குறைவது 8 வாட். ஜன்னலை மூன்றடுக்குக் கண்ணாடியாக்கி 0.8-க்குக் கொண்டுவந்தால் குறைவது 15 வாட்டுக்கு மேல். வெப்பநாட்டில் இந்தக் கணக்கு வேறு. அங்கே கசிவை விட நேரடியாக விழும் வெயில்தான் எதிரி. மூன்றாவது கண்ணாடிக்குக் கொடுக்கும் பணத்தை வெளிப்புறத் திரைகளுக்கும் சன்ஷேடுக்கும் கொடுப்பதே சரி. நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வந்துவிட்ட வெப்பத்தை மறைக்க மட்டுமே உதவும்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது மரவீட்டின் ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஒரு டிகிரிக்குச் சேமிக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மென்மரம் சேமிக்கிறது. சட்டகச் சுவரில் அந்த மரமும் குறைவு. பகலில் வெப்பம் விரைவாக ஏறும், குறிப்பாக மேல்தளத்தில். கூரைக்கு மட்டுமாவது கனமான மரநார்க் காப்பை வைப்பது, ஓட்டுக்கோ தகட்டுக்கோ கீழே காற்று ஓடும் இடைவெளி விடுவது, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வெப்பத்தைக் கழுவிவிடும்படி அறைகளை அமைப்பது ஆகியவை இதற்குப் பரிகாரம். இரவிலும் குளிராத கடலோரப் பகுதியில் கடைசி வழி பயன்படாது. அங்கே நிழலையும் கூரைக்காப்பையும் மட்டுமே நம்ப வேண்டும்.

காற்றிறுக்கத்தில் ஆயத்த வீடுகள் வெல்லவும் தோற்கவும் ஒரே காரணம், இணைப்புகள். ஆலையில் செய்த பலகையின் நடுப்பகுதி ஏறக்குறைய குறையின்றி இருக்கும். இரண்டு பலகைகள் சேரும் கோட்டில்தான் காற்று புகும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரில் 1991-ல் குடியேறிய, மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் முதல் பாசிவ் ஹவுஸ் வீட்டிலிருந்து வளர்ந்த தரநிலை, 50 பாஸ்கல் அழுத்தத்தில் வீட்டின் காற்று மணிக்கு 0.6 தடவைக்கு மேல் மாறக் கூடாது என்கிறது. 300 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டுக்கு அது 180 கன மீட்டர். இதை எட்டுவதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. சுவரும் தளமும் சேரும் இடத்தில் காற்றிறுக்கப் படலம் தளத்தின் விளிம்பைச் சுற்றி அறுபடாமல் தொடர்கிறதா என்று வெட்டுப்படத்தில் பென்சிலை எடுக்காமல் ஒரு கோடு வரைந்து பாருங்கள். கோடு எங்கே நிற்கிறதோ அங்கே வீடு கசியும். விசிறியால் அழுத்தம் உண்டாக்கிக் கசிவை அளக்கும் காற்றழுத்தச் சோதனையை உட்பலகை அடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். வீடு முடிந்த பிறகு செய்யும் சோதனை சான்றிதழுக்கு உதவும், திருத்தத்துக்கு உதவாது.

இத்தனை இறுக்கமான வீட்டில் மனிதர் மூச்சுவிட இயந்திரக் காற்றோட்டம் கட்டாயம். ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் என்பது வழக்கமான அளவு. வெளியேறும் காற்றின் வெப்பத்தில் 75 சதவீதத்துக்கு மேல் மீட்கும் கருவிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிக்கு ஈரத்தையும் பரிமாறும் வகையை வாங்க வேண்டும். காற்றுக்குழாய்கள் போகும் பாதையை விட்டங்கள் வரையும் நாளிலேயே குறித்துவிடுங்கள். ஆலையில் செய்த விட்டத்தை மனையில் துளையிடுவது மன்னிக்க முடியாத செயல். இவையெல்லாம் சரியாக அமைந்தால், பாசிவ் ஹவுஸ் கணக்குப்படி சதுர மீட்டருக்கு 10 வாட் வெப்பமூட்டும் திறன் போதும். 120 சதுர மீட்டர் வீட்டுக்கு 1,200 வாட், அதாவது ஒரு ஹேர் டிரையர் இழுக்கும் அளவு. அதன் பிறகு பெரிய வெப்பப் பம்பை விற்க வருகிறவரிடம் உங்களுக்குத் தேவையானது மிகச் சிறியது என்று சொல்ல முடியும்.

முதல் கேள்வியில் என் சார்பு தெளிவானது: ஒரு குடும்பத்துக்கான இரண்டு தள வீட்டுக்குச் சட்டகப் பலகை, அதாவது ஆலையில் பலகையாகவே செய்து வரும் சட்டகச் சுவர், போதும். 100 மில்லிமீட்டர் சிஎல்டி சுவர் சதுர மீட்டருக்கு 0.1 கன மீட்டர் மரத்தை விழுங்குகிறது. 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்திய 45-க்கு 145 மில்லிமீட்டர் சட்டங்கள், மேலும் கீழுமுள்ள படுக்கைச் சட்டங்களையும் சேர்த்து, அதில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. சிஎல்டி பலகைக்குக் காப்பு தனியாகவும் வைக்க வேண்டும். 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருவான அந்தப் பலகை பல மாடிக் கட்டடங்களுக்கும் நீண்ட தளங்களுக்கும் உரிய அருமையான பொருள். சிறு வீட்டில் அதைச் சுவரெங்கும் பயன்படுத்துவதற்கு, மரம் வெளியே தெரியும் அழகைத் தவிரப் பெரிய நியாயம் இல்லை. இடைத்தளத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். மிதிக்கும்போது அதிர்வும் குறையும்.

சட்டகப் பலகையிலும் இரண்டு வகை உண்டு. ஒருபக்கம் மட்டும் பலகையடித்து, காப்பையும் வயரிங்கையும் மனையில் வைப்பது திறந்த பலகை. காப்பு, ஜன்னல், வெளியுறை எல்லாம் ஆலையிலேயே முடிந்து வருவது மூடிய பலகை. மூடிய பலகை தரமானது, ஆனால் மழையில் நனைந்தால் திறந்து பார்க்கவும் உலர்த்தவும் வழியில்லை. ஆகவே கூரை ஒரே நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில், மூடப்படும் என்ற உறுதி இருந்தால்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு அறையையே பெட்டியாகக் கொண்டுவரும் முறைக்குச் சாலை எல்லை வகுக்கிறது. சிறப்பு அனுமதியில்லாமல் லாரியில் போகக்கூடிய அகலம் பல நாடுகளில் 2.5 மீட்டரை ஒட்டியே இருப்பதால், அறைகள் குறுகிவிடுகின்றன. பெட்டியோடு பெட்டி சேரும் இடத்தில் சுவர் இரட்டிப்பாகிறது. குளியலறை, சமையலறை போலக் குழாய்கள் குவியும் பகுதியை மட்டும் பெட்டியாகவும், மற்றதைப் பலகையாகவும் எடுப்பது நடைமுறையில் நல்ல சமரசம். அந்தக் குளியலறைக் குழாய்கள் ஒன்றுகூட வெளிச்சுவருக்குள் போகக் கூடாது.

ஆலைமுறை உங்களிடம் கேட்கும் விலை, முடிவுகளை முன்கூட்டியே எடுப்பது. உற்பத்தி தொடங்கிய பிறகு ஒரு கதவை அரை மீட்டர் நகர்த்துவது என்பது பலகை, விட்டம், வயரிங், தகட்டு மடிப்பு எல்லாவற்றையும் மறுபடி வரைவது. கட்டடக் கலைஞர்களான வால்ட்டர் குரோப்பியஸ், கான்ராட் வாக்ஸ்மன் இருவரும் 1940-களில் அமெரிக்காவில் ஆயத்த மரவீட்டுக்காக உருவாக்கிய பலகை இணைப்பு இன்றும் பொறியாளர்கள் வியக்கும் அளவுக்கு நேர்த்தியானது. இருந்தும் அந்த நிறுவனம் வணிகத்தில் தோற்றது. அதே நாட்டில் 1908 முதல் 1940 வரை, எண்ணிட்ட மரத்துண்டுகளை ரயிலில் அனுப்பிய சியர்ஸ் நிறுவனத்தின் எளிய வீடுகள் பல்லாயிரக்கணக்கில் விற்றன. புதுமையான இணைப்பைக் காட்டி ஈர்க்கும் நிறுவனத்தை விட, ஒரே சாதாரண இணைப்பை ஆண்டுக்கணக்கில் செய்துவரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

அடித்தளத்தில் ஒரு எச்சரிக்கை. ஆலையில் மில்லிமீட்டர் கணக்கில் அறுக்கிறார்கள். மனையில் கான்கிரீட் சென்டிமீட்டர் கணக்கில் விலகுகிறது. லாரி கிளம்புவதற்கு முன்பே அடித்தளத்தின் மட்டத்தையும் மூலைவிட்டங்களையும் அளந்து ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். கிரேன் வந்து நின்ற பிறகு கண்டுபிடிக்கும் பிழைக்கு மணிக்கணக்கில் வாடகை கட்ட வேண்டிவரும். மரவீடு இலேசானது என்பதால், மண் இடம் கொடுத்தால், மண்ணுக்குள் திருகி இறக்கும் உலோகத் தூண்களின் மேல் வீட்டைத் தூக்கி நிறுத்தலாம். கான்கிரீட் பெரும்பாலும் மிச்சமாகும், அடியில் காற்று ஓடும், கறையான் ஏறும் மண்குழாய்கள் கண்ணில் படும். கறையான் உள்ள பகுதியில் மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே கண்ணால் பார்க்கக்கூடிய வெளி இருப்பதும், தூண் தலைகளில் உலோகத் தடுப்பு இருப்பதும், அடிச்சட்டங்களுக்குப் போரேட் என்ற போரான் உப்பால் பதப்படுத்தலும் கட்டாயம். தரைத்தளத்துக்கு அடியிலும் காப்பு வைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். குழாய்களும் அந்தக் காப்புக்கு மேலேயே ஓட வேண்டும்.

தீயைப் பற்றி அச்சம் இருப்பது இயல்பு. கனமான மென்மர விட்டம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் வீதம் கரியாகிறது; அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குக் கவசமாகிறது. அரை மணி நேரத்துக்கு 20 மில்லிமீட்டர் இழப்பைக் கணக்கில் சேர்த்து விட்டத்தைத் தடிமனாக்கிவிடலாம். மெல்லிய சட்டகத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே பாதுகாப்பு முழுவதும் ஜிப்சம் பலகையிலும், குழிவுகளில் வைக்கும் தீத்தடுப்புத் துண்டுகளிலும் இருக்கிறது. சத்தத்துக்கு வழி எடை: மேல்தளத்தின் மேல் கனமான நிரப்பும், அதன் மேல் தளத்தோடு இறுக்கிப் பிணைக்காத மிதக்கும் தரையும் வையுங்கள்.

சூழல் பற்றிய மூன்றாவது கேள்வியில் இரண்டு கணக்குகளைக் கலக்காமல் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் மென்மரத்தின் உலர் எடை 450 கிலோ என்றால் அதில் பாதி கரிமம். காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் 825 கிலோ. இது வீடு நிற்கும்வரை பூட்டிவைத்த இருப்பு; மரம் எரிந்தாலும் மட்கினாலும் திரும்பிப் போய்விடும். எனவே வெட்டிய காடு மீண்டும் வளர்க்கப்படுகிறதா என்பதும், வீடு எத்தனை காலம் நிற்கும் என்பதும்தான் இந்த எண்ணுக்குப் பொருள் தருகின்றன. காடு பொறுப்பாகப் பராமரிக்கப்படுவதற்கான எஃப்எஸ்சி அல்லது பிஇஎஃப்சி சான்று முதல் படி. 20 ஆண்டில் அழுகிப் பிரித்தெறியும் மரவீடு, 80 ஆண்டு நிற்கும் செங்கல் வீட்டை விடச் சூழலுக்கு நல்லது என்று யாரும் வாதிட முடியாது. இன்னொரு கணக்கு, தயாரிப்பின்போது வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடு. அடித்தளக் கான்கிரீட், அலுமினியம், நுரைக் காப்பு, பிளைவுட்டின் பசை, தொலைதூர லாரி ஆகியவை அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. மரச்சட்டகத்தின் பங்கு சிறியது. நுரைக்குப் பதில் செல்லுலோஸ் அல்லது மரநார், ஒட்டுவதற்குப் பதில் ஸ்க்ரூ, எந்த உறைப்பலகையையும் தனியாகக் கழற்றும்படி பொருத்துதல் ஆகிய மூன்றும் இந்தக் கணக்கைக் குறைப்பதோடு, பிற்காலத்தில் பழுதுபார்க்கவும் பாகங்களை மறுபடி பயன்படுத்தவும் வழி செய்கின்றன.

ஒப்பந்தம் எழுதும்போது, வீட்டின் தோற்றப் படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு தாள்களைக் கேளுங்கள்: ஜன்னல் கீழ்மூலையின் வெட்டுப்படம், சுவரும் தளமும் சேரும் இடத்தின் வெட்டுப்படம், சட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட யு மதிப்பு, உங்கள் ஊரின் தட்பவெப்பத்துக்குச் செய்த ஈரக் கணக்கீடு. காற்றழுத்தச் சோதனையின் இலக்கு எண்ணையும், ஆலையிலும் மனையிலும் எடுக்க வேண்டிய ஈர அளவுகளையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, உட்பலகை அடிப்பதற்கு முன் அவை எட்டப்பட்ட பிறகே அடுத்த தவணை என்று நிபந்தனை வையுங்கள். இந்த நிபந்தனைக்குத் தயங்கும் நிறுவனத்தை, அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.